அகலக்கால்

பின் டயருக்கு வழுக்கை விழுந்துவிட்டது.
நடு உச்சியில் மட்டும்.

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில்
சாலை போட்டவர்கள்
கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைக்கவே இல்லை.
பதினோராயிரம் மைல் நேராகவே ஓடி
நடுப்பகுதி தோசைக்கல் போலத் தட்டை.
இருபக்கத் தோள்களும் கடையில் வாங்கிய அன்றைப் போல
அப்படியே இருக்கின்றன,
யாரும் சாயாத தோள்கள்.

"இந்தத் தடவை அகலமாப் போடு" என்றேன்.
"நூற்று முப்பது போதாது. நூற்றைம்பது.
முடிந்தால் நூற்றெண்பது."

எலிஹியோ பதில் சொல்லவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு
பெல்ட்டுக்கும் டயருக்கும் நடுவே
ஓர் ஐந்து சென்ட் காசை நுழைத்தான். போனது.
அதன்மேல் இன்னொன்று. போனது.
மூன்று, நான்கு.
ஐந்தாவது பாதியில் நின்று
என்னைப் பார்த்தது.

"இருபத்தைந்து சென்ட் கூட இல்லை
உன் இடைவெளி" என்றான்.

காரணம் கேட்டான்.
வயோமிங் பக்கமிருந்து வரும் குறுக்குக் காற்று என்றேன்.
ஆற்றுப் பாலத்தில், இரும்புச் சல்லடைமேல்
பின்சக்கரம் நடுங்குகிறது என்றேன்.
இரண்டும் உண்மை.
பெட்ரோல் பங்கில் டார்வின் குக்ஸ்ஹௌசன்
"வெர்னா, பின்னாடி இருப்பது சைக்கிள் டயரா?" என்று கேட்டு
தானே சிரித்ததைச் சொல்லவில்லை.
அதுதான் பெரிய உண்மை.

ஐம்பத்தெட்டு வயதில்
எனக்கு எல்லாமே அகலமாகிவிட்டது.
செருப்பு, இடுப்புவாரில் இரண்டு துளை,
கர்ட்டிஸ் ஷையனுக்குப் போனபின் கட்டில்.
கேட்காமலே வந்த அகலங்கள்.
கேட்டு வாங்கும் ஒன்றுக்கு மட்டும்
இத்தனை கணக்கா?

அவன் சாக்பீஸால் தரையில் வரைந்தான்:
மூன்று அங்குல ரிம்,
அதில் பிதுங்கும் பெரிய டயர்.
விமானத்தின் நடு இருக்கையில்
கைகளை ஒடுக்கி உட்கார்ந்திருக்கும்
பருத்த மனிதனைப் போல.
"இரண்டு பக்கமும் நெருக்கினால்
நடு எழும்பும், பார்.
கூர்ப்பாகிவிடும்.
வாங்கியது அகலம்.
ஆனால் தரையைத் தொடுவது
முன்பைவிடக் கம்மி."

சாக்பீஸ் கோட்டை நான் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதில் கர்ட்டிஸ் சாயல் இருந்தது.

ரிம்மை மாற்றலாம்.
பெல்ட்டை ஒல்லியாக்கலாம்.
ஃபெண்டரின் உள் போல்ட்டைத் தேய்க்கலாம்.
ஒவ்வொரு 'லாம்' பின்னாலும்
முந்நூறு டாலர் நின்றது.
பீட்ரூட் அறுவடை அக்டோபரில்தான்;
அதுவரை என் லாரிக்கும் வேலையில்லை,
எனக்கும் இல்லை.

விரலுக்கேற்ற வீக்கம்.
நூற்று நாற்பது என்றேன்,
ஏலத்தில் கடைசி விலை சொல்பவள் போல.
அவன் சட்டென்று தலையாட்டினான்.
அந்த அளவை முதலிலேயே
அலமாரியிலிருந்து இறக்கி வைத்திருந்தான், படுபாவி.

பழசைக் கழற்றிப் புதுசை மாட்டியதும்
மறுபடி காசு போட்டுப் பார்த்தோம்.
ஒன்று போனது.
இரண்டாவதற்கு இடமில்லை.

"நூறு மைலுக்குச் சாயாதே.
புது ரப்பர், வழுக்கும்."
எங்கே சாய்வது, எலிஹியோ, இந்த ஊரில்?

இருபத்தாறாம் நெடுஞ்சாலையில் ஏறியதும்
பின்னாலிருந்து ஒரு சத்தம்.
ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...
பெல்ட் உரசுகிறது.
அகலக்கால் வைத்துவிட்டாய், வெர்னா.
சர்க்கரை ஆலைக்கு எதிரே நிறுத்தி
சரளைக்கல்லில் முழங்கால் போட்டுக் குனிந்தேன்.

டயர் உரசவில்லை.
அதன் முடி.
அச்சிலிருந்து வந்தபோது ஒட்டிக்கொண்டிருந்த
மெல்லிய ரப்பர் ரோமங்கள்,
பிறந்த குழந்தையின் தோளில் இருப்பது போல,
பெல்ட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தன.

பாலம்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது.
இரும்புச் சல்லடைமேல் சக்கரம் நடுங்கியது,
முன்பு நடுங்கிய அளவே.
காற்றும் தள்ளியது.
மிட்செல் தாண்டும்போது
ஸ்ஸ் நின்றுவிட்டது.

ஹேண்டிலைக் கொஞ்சம் இடதுபக்கம்
கொஞ்சம் வலதுபக்கம் ஆட்டிப் பார்த்தேன்,
இன்னும் ஒரு முடியாவது
மிச்சம் இருக்குமா என்று.